விளக்கு ஒப்புக்கொண்டவர்கள்

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டும் விடை காணாத கேள்வி ஒன்று உண்டு: 'இருப்பது' எது, 'இல்லாதது' எது? அதற்கு முடிவான விடை கண்டது எங்கள் பதிப்பகத்தின் இரண்டாவது மாடிதான் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். கண்டுபிடித்தது கூரையில் ஒட்டிய ஒரு சின்ன வெள்ளைக் குமிழ். கீழே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். அசையாவிட்டால் அணைந்துவிடும். எத்தனை எளிமை பாருங்கள்!

கரண்ட்டை மிச்சப்படுத்தத்தான் மாட்டினார்கள். ஆனால் எந்த மேசைக்கு மேலே எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தது என்று அது மேனேஜருக்குத் தகவலும் அனுப்பியது. பிரிவுத் தலைவரான நான் நாள் முழுக்க டீக் கோப்பையும் கையுமாக உலாத்துகிறவன். ஆகவே அலுவலகத்திலேயே மிக அதிகமாக 'இருந்தவன்' நான்தான். விற்பனைக்காரர் போனில் கையை வீசி வீசிப் பேசியே என்னை நெருங்கி வந்துகொண்டிருந்தார்.

இல்லாமல் போனவர் ஒரே ஒருவர். புரூஃப் பார்க்கும் அக்கா. தாளில் கண்ணை நட்டுவிட்டால் அவருக்கு இமையைத் தவிர எதுவும் அசையாது. விளக்கு அணைந்துவிடும். அவர் பாட்டுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிழை திருத்திக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான், "என்னம்மா, இருக்கீங்களா?" என்பேன். மாடியே சிரிக்கும்.

ஒருநாள் மேனேஜர் பதறிப்போனார். "அந்த மேசையில ஆளே இல்லையாமே!" உடனே ஆலோசனைக் கூட்டம். அக்காவும் வந்து உட்கார்ந்தார்.

"சார், நான் இங்கதானே இருக்கேன்? உங்ககிட்டதானே பேசிட்டிருக்கேன்?"

"பேச்செல்லாம் கணக்குல வராதும்மா," என்றேன் கனிவாக. "அசைவு வேணும்."

"கையை ஆட்டிக்கிட்டே எப்படி சார் பிழை பார்க்கிறது?"

"பிழையை அப்புறம் பார்க்கலாம். முதல்ல ஆள் இருக்கணும்ல?" என்றார் விற்பனைக்காரர்.

அக்கா மேனேஜரிடமே முறையிட்டார். "வீட்டுக்காரருக்கும் வேலை போயிடுச்சு சார். இதை நம்பித்தான் வீடு ஓடுது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவங்க இருக்காங்களா, இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. ஆனால் நான் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவன் ஆயிற்றே!

"விளக்கு இல்லைன்னு சொல்லுது சார்."

இல்லாதவரை எப்படி நீக்குவது என்று ஒரு சிக்கல் எழுந்தது. எனவே நீக்கவில்லை, அன்னாரது 'இல்லாமையை உறுதி' மட்டுமே செய்தோம். அக்கா எழுந்து வெளியே நடந்தபோது அவர் தலைக்கு மேலே ஒவ்வொரு விளக்காக எரிந்துகொண்டே வந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அடுத்து நாங்கள் வெளியிட்ட தத்துவ நூல் அட்டையில் தலைப்பே இல்லாமல் அச்சாகி வந்தது. இன்மையைப் பற்றிய நூல் என்பதால் விமர்சகர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எங்கள் முறையின் வெற்றிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

எனக்கோ இன்னும் கொஞ்சம் அதிகமாக இருக்க ஆசை. விற்பனைக்காரர் முந்திவிடுவாரோ என்ற பயம் வேறு. சுழல் நாற்காலியில் ஏறி நின்று, குமிழுக்கு நேராக இரண்டு கைகளையும் ஆட்டினேன். நாற்காலியும் தன் பங்குக்கு அசைந்தது.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத அறையில் கிடத்தினார்கள். "விரல்கூட அசையக்கூடாது" என்று டாக்டர் எச்சரித்துவிட்டுப் போனார். கூரையைப் பார்த்தேன். அதே வெள்ளைக் குமிழ்! விளக்கு அணைந்தது. சாப்பாடு கொண்டுவந்தவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "இங்க யாரும் இல்லப்பா" என்று தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். பசியில் வயிறு காந்தியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேவிட்டேன்.

எங்கள் மாடியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. எப்படிக் கேள்விப்பட்டாரோ, அக்கா வந்தார். அவர் கதவைத் திறந்ததும் விளக்கு எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், இருக்கீங்களா?"

அப்புறம் தன் வழக்கப்படி அசையாமல் இருந்தார். விளக்கு அணைந்தது.

"அம்மா, கையைக் கொஞ்சம் ஆட்டுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினேன்.

"எதுக்கு சார்?" என்றார் இருட்டில். "நான் இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. நீங்க இல்லைன்னு இது சொல்லுது. ஆளே இல்லாத ரூமுக்குக் கரண்ட்டை வீணாக்கலாமா?"