மாமியாரின் பிபியும் என் மாத்திரையும்

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவது எனக்குப் பிறவி வியாதி. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள். (கொடுத்திருக்கக் கூடாது.)

கல்யாணமாகி எட்டு மாதம். சிங்கப்பூரிலிருந்து கணவர் ஒரு மாத லீவில் வரவிருந்தார். எனக்கோ பி.எட். முடிய இன்னும் ஒரு வருடம். அதற்குள் பிள்ளை உண்டானால் படிப்பு பரணுக்குப் போய்விடும். எங்கள் தெருவிலேயே மூன்று பேருக்குப் போயிருக்கிறது. போனில் சொன்னேன். "சரி, மாத்திரை போட்டுக்க. அம்மாட்ட மட்டும் சொல்லிக்காத" என்றார்.

வலங்கைமானில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரிசையில் ஒரு சொந்தக்காரராவது உட்கார்ந்திருப்பார். அதனால் ஆன்லைன் டாக்டர். வீட்டில் சிக்னல் கிடையாது. வயலில் மோட்டார் கொட்டகை ஓரம்தான் வரும். டாக்டரம்மா திரையில் வந்த அதே நிமிடம் கரண்ட்டும் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. ரகசியத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வயது, தலைவலி, எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில்.

"கடைசியா பிபி பாத்தப்ப..."

"நூத்தி அறுவதுக்கு நூறு, டாக்டர்!"

எனக்குத் தெரிந்த ஒரே பிபி அதுதான். வாராவாரம் மாமியாருக்குப் பார்த்து நோட்டில் எழுதுவது நான்.

டாக்டர் முகம் மாறியது. "இந்த பிபிக்கு இந்த மாத்திரை தரவே முடியாதும்மா. பக்கத்துல யார் இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நடவு ஆட்களுக்கு டீ கொண்டுவந்த மாமியார். "அது எம் பிபி டாக்டரம்மா. இவளுக்கு வாய்தான் ஜாஸ்தி."

"அப்ப நீங்கதாம்மா இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்!" என்று டாக்டர் சொன்னதோடு சிக்னல் போய்விட்டது.

"எப்ப வந்தீங்க அத்தை?"

"பிள்ள இப்ப வேண்டாம்னு நீ கத்துனப்பவே."

வீட்டுக்குப் போய் பிபி மிஷினை எடுத்துவந்தார். வரப்பில் உட்காரவைத்து என் கையில் பட்டையைச் சுற்றினார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பயத்திலும் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.

"எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க அத்தை."

பட்டையைக் கழற்றிச் சுருட்டினார்.

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார். "திருப்பிக் கூப்புடு அந்தம்மாவ. ஃபெயிலாயிட்டு மட்டும் வா, அப்ப இருக்கு ஒனக்கு."

அன்று சாயங்காலம் வலங்கைமான் வரிசையில் நாங்களே சொந்தக்காரர்களாக உட்கார்ந்திருந்தோம். மாமியாருக்கு பிபி மாத்திரையை மாற்றினார்கள். எனக்கு ஆன்லைன் டாக்டரம்மா எழுதிக்கொடுத்ததை நான் தினமும் போடுகிறேனா என்று மாமியார்தான் மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

இப்போது நான் டீச்சர். நான் எதையாவது அவசரமாகச் சொன்னால் மாமியார் நிமிராமலே கேட்பார்: "இது யாரு பிபி?" பிபி என்றால் என்னவென்றே தெரியாத என் மூன்று வயது மகளும் இடுப்பில் கைவைத்து அதையே கேட்கிறாள்.