பௌர்ணமியில் பெண் பார்த்த கதை

வேலையை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் அடுத்தவர் தலையில் வேலையைக் கட்டிவிடுவார்கள். நான் அந்த ரகம்.

திருவண்ணாமலையில் சிறார் வழக்குகளைப் பார்க்கும் நன்னடத்தை அலுவலர் நான். முன்பெல்லாம் சின்னத் திருட்டில் சிக்கும் பையனை ஸ்டேஷனில் நாலு தட்டு தட்டி அனுப்பிவிடுவார்கள். சட்டம் மாறியது. இனி அடிக்கக் கூடாது. வீட்டுக்கே போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரியவே கூடாது. அருமையான சட்டம்தான். ஆனால் விசாரிக்க, ஆரணி முதல் செங்கம் வரை நான் ஒருத்திதான். மேசைக் கோப்புகள் என்னைவிட உயரமாக நின்றன. (நான் குள்ளம் என்பது வேறு விஷயம்.)

அதனால் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலம் போகிற வழியிலேயே அடி அண்ணாமலையில் ஒரு வீட்டை முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். செல்போன் திருடிய பையனின் வீடு. கூட வந்த மாமியாரையும் கொழுந்தனையும் டீக்கடையில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பையனின் அம்மாவோடு பேச ஆரம்பித்ததுமே, டீக்கடைத் தண்ணீரைத் தொடாத மாமியாருக்குத் தாகம் எடுத்துவிட்டது. பூ, பழம், தேங்காய் அடுக்கிய அர்ச்சனைத் தட்டோடு உள்ளே வந்தார். பின்னாலேயே வேட்டியும் விபூதியுமாகக் கல்யாணமாகாத என் கொழுந்தன்.

பக்கத்து வீட்டம்மாள் எட்டிப் பார்த்து யார் என்று விசாரித்தாள். நான் திருதிருவென்று விழித்தேன்.

"பெரியவளப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க," என்றாள் பையனின் அம்மா சட்டென்று.

அப்பாடா என்றிருந்தது. சட்டத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு தலையாட்டினேன். பக்கத்து வீட்டம்மாளோ சும்மா போகவில்லை. தையல் கிளாசில் இருந்த பெரியவளைக் கூட்டிவந்து, பட்டுப்புடவை கட்டி, காபித் தட்டோடு நிறுத்திவிட்டாள். வாசலில் தெருவே கூடியது. கொழுந்தன் காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டான். மாமியார் பழக்கதோஷத்தில் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அந்தப் பெண் தலை நிமிராமல் பதில் சொன்னாள். நிஜமென்றே நம்பிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் தம்பி விஷயம் தெருவுக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நல்ல அறிக்கை எழுதினேன். பையனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அடுத்த கோப்பு வந்தது, அதற்கடுத்தது வந்தது. நான் போகவே இல்லை.

பல மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணே என்னிடம் வந்தாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க மேடம். தம்பி விஷயம் யாருக்கும் தெரியல, அது போதும். ஆனா பாத்துட்டு, புடிக்கலனு போய்ட்டாங்கனு தெருவே பேசுது. ஜாதகம் சேரலனு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கத்தில் கூசிப்போய் நின்றேன்.

இன்றும் நான் விசாரணைக்குக் கிளம்பினால், "அண்ணி, வேட்டி கட்டிக்கட்டுமா?" என்பான் கொழுந்தன். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவள் கேட்டதை மட்டும் இதுவரை வீட்டில் சொன்னதில்லை.