சாவியைத் தரமாட்டேன், மாமா

வெள்ளவத்தை,
18.11.1997

கல்கிசையில் இருக்கும் மதிப்புக்குரிய சவுந்தரநாயகம் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் அருந்ததி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மாமியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நான் சுகமாயில்லை. "வெள்ளிக்கிழமை அறையை விட்டு எழும்பு, சாவியைத் தா, பொலிஸ் பதிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று, பொலிஸ் வந்த செய்தி கேட்டு நீங்கள் அனுப்பிய துண்டுக் கடிதம் கிடைத்தது. நான் எழும்பமாட்டேன். சாவியும் தரமாட்டேன்.

நடந்ததைக் கேளுங்கள். என்னிடம் டியூசனுக்கு வரும் ஓஎல் சோதனைப் பிள்ளைகளுக்கு எந்த உலோகம் தண்ணி கலந்த ஐதான அமிலத்தோடு எவ்வளவு வேகமாகத் தாக்கம் புரியும் என்று காட்டுவதற்காக ஞாயிறு காலை மேசையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், மேல்வீட்டுக் கிளெமென்ற் அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்தார். நாலு ஜாம் போத்தல், அமிலம், தகடு எடுக்க உடைத்த டோர்ச் பற்றரி, மகனீசிய நாடா, செப்புக் கம்பி, பக்கத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு நான். குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில் அவர் பொலிசுக்குக் கோல் எடுத்ததில் பிழை சொல்ல முடியாது; ஆனாலும் சொல்லுறன். பத்து நிமிசத்தில் இன்ஸ்பெக்டரும் ஒரு கொன்ஸ்டபிளும் வந்து, விளக்கம் சொல்லியும் நம்பாமல், "செய்து காட்டு மிஸ்" என்றார்கள். காட்டினேன். மகனீசியம் நுரைத்துப் பொங்க, போத்தல் வாயில் நெருப்புக்குச்சியைப் பிடித்தேன், "டப்" என்றது, கொன்ஸ்டபிள் துவக்கோடு உங்கள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். பற்றரியில் எடுத்த நாகத் தகடு, அதுதான் சிங்க், அளவாகக் குமிழி விட்டது, இரும்பு ஆறுதலாக விட்டது, செம்பு அசையவேயில்லை.

"இது ஏன் சும்மா இருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அது எங்கட மாமா மாதிரி, சேர். பைப் ஒழுகுதெண்டு ஆறு மாசமாச் சொல்லுறன், ஒரு குமிழியும் வரேல்லை."

அவர் சிரித்துவிட்டு, தன் மகனும் ஓஎல் என்றும் அடுத்த ஞாயிறு அனுப்பலாமா என்றும் கேட்டார். போகும்போது மட்டும், "வெள்ளிக்கு முதல் வீட்டுக்காரர் சைன் வைத்த ஃபோர்ம் வரவேணும், இல்லாட்டி எனக்கும் ஒன்றும் செய்யேலாது" என்றார்.

அதுதான் மாமா, வீட்டுக்காரரான உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த ரவுண்டப்பில் பதியாத தமிழ் ஆள் எண்டு என்னை ஜீப்பில் ஏற்றுவாங்கள். எனக்குப் பயமாயிருக்கு. பயத்திலதான் இவ்வளவு கோபமும் வருகுது. வடக்கில ஒரு வீட்டை விட்டிட்டு வந்தனான், இன்னொண்டை விடமாட்டன். சோதனைக்கு மூன்று கிழமைதான் இருக்கு, பிள்ளையளையும் விடமாட்டன். அந்த அமிலம் நல்லாத் தண்ணி கலந்தது, உங்கள் வீட்டுச் சாமான் ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. படிவம் இத்துடன்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் கைகால்களுக்கு, முக்கியமாகப் பேனை பிடிக்கும் கைக்கு, ஒரு குறையும் வராமல் கடவுள் காக்க.

இப்படிக்கு,
எழும்பாத மருமகள்,
அருந்ததி

பி.கு.: இரும்பு என்று மேலே எழுதினேன் அல்லவா, அன்றைக்கு ஆணி அகப்படவில்லை. பொலிஸ் நிற்கிற அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டேன். அது உங்கள் சாவி. திங்கள் காலை பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகக் கதவைப் பூட்டத் தேடியபோதுதான், அதை இரவு முழுக்க அமிலத்துக்குள்ளேயே விட்டது ஞாபகம் வந்தது. பிடி இருக்கிறது, பல் இல்லை. இரண்டு நாளாகக் கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறேன். கையெழுத்து வைக்க வரும்போது மற்றச் சாவியையும் தயவுசெய்து கொண்டு வாங்கோ மாமா. கடிதம் கொண்டு வருபவர் கிளெமென்ற் அண்ணை. எனக்குச் சாப்பாடு வாங்கித் தருவதும் அவர்தான், ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பவும்.