நகல் அண்ணாச்சியும் குதிரைக்கு விழுந்த ஆறு மார்க்கும்

டெல்லியில் ஒரு கொசு கடித்தால், அந்தக் கொசுவுக்கே முறைப்படி கடிதம் எழுதி, அதன் நகலை மாநகராட்சிக்கும் அனுப்பக்கூடிய ஒரே மனிதர் எங்கள் நகல் அண்ணாச்சிதான். இப்போது மாற்றலாகி நாக்பூரில் இருக்கிறார். அந்த ஊர்க் கொசுக்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கரோல் பாகில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். அண்ணாச்சி ஐம்பதைத் தாண்டியவர், மத்திய அரசு குமாஸ்தா. மனைவி பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. டெல்லிக் குளிரை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டுப் போனவர். இரண்டாவது ஆள் ஸ்டீபன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்றாவது நான், இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்.

வீட்டில் மோர் மிளகாய் தீர்ந்துவிட்டால் அண்ணாச்சி வாயால் சொல்லமாட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டுவார். ‘பெறுநர்’ என்று போட்டு என் பெயர், கீழே மாடி எண்ணோடு எங்கள் வீட்டு விலாசம். ‘பொருள்: மோர் மிளகாய் இருப்பு தீர்ந்தது தொடர்பாக.’ கடைசியில், ‘நகல்: ஸ்டீபன், தகவலுக்காக.’ ஸ்டீபன் அப்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருப்பான்.

“சொன்னா வாங்கிட்டு வரப் போறேன், எதுக்கு அண்ணாச்சி விலாசமெல்லாம்?” என்று கேட்டேன்.

“விலாசம் இல்லாத கடுதாசி தாய் தகப்பன் இல்லாத பிள்ளடே. எங்க போய் நிக்கும்?” என்றார்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் முற்றலாக இருந்தது என்று கடைக்காரருக்குக் கடிதம் கொடுத்தார். நகல் எதிர்க்கடைக்காரருக்கு. எதிர்க்கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வியாபாரத்தைப் பெருக்கிக்கொண்டார். அதன் பிறகு அந்த வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பேன்.

இப்படிப்பட்டவரை வீடியோ கேம் பக்கம் இழுத்துவிட்டது ஸ்டீபன்தான். நைட் டியூட்டிக்குப் போகும்போது அவன் விட்டுப்போன வீடியோ கேம் பெட்டியில் ஒரு விளையாட்டு இருந்தது. அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர். நாங்கள் குதிரை கேம் என்போம். அதில் ஒரு வீரன் குதிரையில் ஏறிப் போய் ஊர் ஊராகத் தலைகளை வெட்ட வேண்டும். அண்ணாச்சி ஒரு தலையைக்கூட வெட்டவில்லை. குதிரைக்குச் செவலை என்று பெயர் வைத்தார். புல் மேயவிட்டார், ஆற்றில் தண்ணீர் காட்டினார், மழை பெய்தால் மரத்தடியில் ஒதுக்கினார். எதிரி வந்தால் திரும்பி வந்துவிடுவார். சாயங்காலம் ஆபீசில் யாராவது நிறுத்திப் பேசினால், “செவல பசியோட நிக்கும்” என்று கிளம்பிவிடுவார். அண்ணாச்சி வீட்டில் கால்நடை வளர்ப்பதாகவே அவருடைய மேலதிகாரி நம்பிக்கொண்டிருந்தார்.

போன குளிர்காலத்தில் குதிரை கேமின் புதுப் பாகம் வருவதாக இருந்தது. இந்த மாதிரி விளையாட்டுகளைக் கடைக்கு வருமுன்பே விமர்சகர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஆடிப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். ஒன்பது, ஒன்பது, எட்டரை என்று வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ரவா கேசரி கிண்டினார். கேசரி இறக்கும்போது ஓர் ஆறு வந்து விழுந்தது.

போட்டது காயத்ரி என்ற டெல்லித் தமிழ்ப்பெண். சின்னதாக ஒரு கேம் இணையதளத்தில் வேலை. கதை பாதியில் தூங்கிவிடுகிறது, குதிரை பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு கால் உதைக்கிறது என்று எழுதியிருந்தாள்.

“செவலைய நொண்டிங்கா பாத்தியா! அதுவும் நம்ம ஊர்ப் பிள்ள!” அண்ணாச்சியின் மீசை துடித்தது. கேசரியை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

நம் ஊரில் பரீட்சையில் மார்க் குறைந்தால் என்ன செய்வோம்? அதையேதான் செய்தார். ‘பொருள்: குதிரை விளையாட்டுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண், மறுமதிப்பீடு கோருதல் தொடர்பாக.’ நகல் அவள் ஆசிரியருக்கு, நகல் அந்நிய தேசத்துக் கம்பெனித் தலைவருக்கு, நகல் ஓர் அமைச்சகத்துக்கு. மேலே, பெறுநர் என்ற இடத்தில் காயத்ரியின் பெயர், ஆபீஸ் விலாசம், எந்த மாடி, எந்தக் கடைக்குப் பின்புறச் சந்து, பின்கோடு. அந்த ஆபீஸ் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. விலாசம் பிசகக் கூடாது என்று சனிக்கிழமை தேங்காய் வாங்கப் போனவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வேறு வந்தார். பிறகு அந்தக் கடிதத்தை அப்படியே ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் போட்டார்.

ஒரே நாளில் ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆபீஸ் கேன்டீனில் யாரோ என்னிடமே அதைக் காட்டி, “இந்த அங்கிள் யாருன்னே தெரியல, செம காமெடி” என்றபோது, எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் சிரிக்கிற ரகம் இல்லை. அவர்களும் குதிரை ரசிகர்கள்தான். ஒருவரும் அந்தப் புது விளையாட்டை ஆடியிருக்கவில்லை, அது கடைக்கே வரவில்லையே! பெண்பிள்ளைக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் போய் நின்றார்கள். கையில் விலாசம் தயாராக இருந்தது. வறட்டி பார்சலில் போனது, கால் உடைத்த பொம்மைக் குதிரைகள் போயின. சந்தில் நாலு தடியன்கள் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

காயத்ரி இணையத்தில் இரண்டே வரி எழுதினாள். அம்மா பயப்படுகிறாள், ஆபீசுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், இனிமேல் விமர்சனமும் எழுதப் போவதில்லை.

ஸ்டீபன்தான் அதைப் படித்துக் காட்டினான். அண்ணாச்சி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டார்.

“நீங்க அப்படி நெனச்சா எழுதுனீங்க? விடுங்க அண்ணாச்சி” என்றான் ஸ்டீபன்.

“விலாசம் போட்டது நான்தானடே. சந்து மொதக்கொண்டு போட்டேன். எனக்கும் வயசுக்கு வந்த பிள்ள இருந்தா…” கடிதத்தை உடனே நீக்கினார். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் அதைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் நகல் அனுப்பிய மனிதருக்கு அனுப்பிய நகலைத் திரும்ப வாங்கும் வழி தெரியவில்லை.

அவள் இல்லாவிட்டால் அவள் ஆசிரியரிடமாவது நேரில் மன்னிப்புக் கேட்பது என்று மறுநாள் அந்த ஆபீசுக்குக் கிளம்பினார். துணைக்கு நான். அந்தக் கட்டடத்து வாசலில் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆப் பீ கோடேவாலே?” என்றார். நீங்களும் அந்தக் குதிரைக் கூட்டம்தானா என்று கேட்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“ஹாங் ஜி. சப்ஸே பெஹ்லா மே ஹூம்” என்றார் அண்ணாச்சி, கைகூப்பிக்கொண்டு. முதல் ஆளே நான்தான் என்று!

காவலாளி தடியை எடுத்தார். நான் எதிர்ப்பக்கத்துக் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவன் மாதிரி நின்றுகொண்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி அசையாமல் நின்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் காயத்ரியிடம் சேர்க்கச் சொல்லித் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மெட்ரோவில் வீடு வரும்வரை அவர் தலை நிமிரவில்லை. அவரைப் பார்க்க எனக்கும் முடியவில்லை.

அன்றைக்கே இரண்டாவது கடிதம் போட்டார். ‘பொருள்: முந்தைய கடிதத்தை ரத்து செய்தல் தொடர்பாக. மேற்படி விமர்சகர் விளையாட்டை முழுவதும் ஆடிவிட்டு மதிப்பெண் போட்டார். நான் ஒரு நிமிடம்கூட ஆடாமல் குறை சொன்னேன். வெட்கப்படுகிறேன். நீங்களும் ஆடவில்லை. இதற்குமேல் யாருக்காவது கோபம் இருந்தால், தவறு செய்தவனின் கீழ்க்கண்ட விலாசத்துக்கு அனுப்பவும்.’ கீழே எங்கள் வீட்டு விலாசம். மூன்றாம் மாடி, எந்த மெட்ரோ வாசலில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம்.

ஸ்டீபன் அலறினான். “அண்ணாச்சி! இது நம்ம வீடு!”

“ஆமா. பின்கோடு சரிதானே? ஒருதடவ பாத்துச் சொல்லு.”

கூட்டம் துரோகி என்று கூவிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. வறட்டி எங்களுக்கு வந்தது. நொண்டிக் குதிரைகள் வந்தன. ஆர்டர் செய்யாத பீட்சாவைத் தூக்கிக்கொண்டு பையன்கள் மாடி ஏறினார்கள். ஒரு மூட்டை வைக்கோல்கூட வந்தது. வீட்டுக்காரர் நாள் தவறாமல் வந்து கத்திவிட்டுப் போனார். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மானம் போயிற்று. அண்ணாச்சி ஒவ்வொரு பார்சலையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார், பெண் வீட்டு வரிசைத் தட்டை வாங்குகிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காயத்ரியிடமிருந்து போன் வந்தது. ஸ்டீபன்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அங்கிள், எனக்கு உங்க மேல ரொம்ப குஸ்ஸா இருந்தது, அவ்வளவு கோவம். இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றாள்.

“இருக்கட்டும்மா. இருக்கணும்.”

“இப்ப எங்க ஆபீஸுக்கு யாரும் வரதில்ல. நான் நாளைலேர்ந்து போகப் போறேன். ரிவ்யூவும் எழுதப் போறேன். ஆறு ஆறுதான், அது மாறாது, ஓகே?”

“மாத்தப்படாதும்மா. மாத்துனா நான் கடுதாசி எழுதுவேன்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “அச்சா, உங்க அட்ரஸ ஜல்தி எடுத்துடுங்க அங்கிள், ப்ளீஸ். அவங்க நல்லவங்க இல்ல.”

“அது கெடக்கட்டும். ஒம்மேல இன்னும் கோவம் இருக்கறவன் நாலு பேரு பாக்கி இருப்பான். இங்க நாங்க மூணு பேரு இருக்கோம். நீ ஒத்தப் பிள்ள.”

மூன்று பேர் என்றார். எங்கள் இருவரிடமும் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நான் ஸ்டீபனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. அண்ணாச்சி எழுவதற்குள் நான் போய்க் கதவைத் திறந்தேன். பார்சல் பையன் ஒரு வறட்டிப் பெட்டியை நீட்டி, அவர் பெயரைச் சொல்லி நீங்கள்தானா என்று கேட்டான். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் விலாசத்தில் என் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கலாம் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.