பேர் சொல்லாதது

சசிதரன் காதில் பஞ்சு வைத்திருந்தான். அப்படியும் கேட்டது. பிறந்து ஐம்பது நாளான மகள், மூன்றாவது நாளாக வயிறு உப்பி வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பாலிங் டவுனுக்குப் போய் பேர் சொல்லாதது வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி ரூபினியின் அக்கா பிரேமாவதி. "சுட்டுப் பொடியாக்கி, தொப்புளைச் சுத்தித் தடவுனா அழுகை நிக்கும்."

"என்னக்கா அது?"

"வேருப்பா. காஞ்ச வேரு."

"பேரு?"

"ஐயையோ! பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல அதைச் சொல்லலாமா? மருந்து வேலை செய்யாதுலா!"

ரூபினியிடம் கேட்டான். அவள் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு அவனை முறைத்தாள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அது வசம்பு. பாவம், அவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மளிகைக் கடையில் அன்று முதலாளிக்குப் பதிலாக அவருடைய மருமகன் தேவன் உட்கார்ந்திருந்தான். கோலாலம்பூரில் வளர்ந்தவன். போன வாரம்தான் பக்கத்துக் கடையில் போதைக்கு விற்ற கெத்தும் இலைச் சாற்றைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

சசிதரன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, பேர் சொல்லாதது இருக்கா?"

தேவனின் முகம் வெளுத்தது. "அந்த மாதிரி சாமானெல்லாம் இங்க இல்ல பாஸ்."

"கொஞ்சம் போதும். விரல் நீளம். சுட்டுப் பொடியாக்கிக்குவோம்."

"யாருக்கு?"

"புள்ளைக்கு."

"எத்தன வயசு?"

"ஐம்பது நாள்."

தேவன் கையிலிருந்த பருப்புப் பொட்டலம் விழுந்து சிதறியது. அரிசி மூட்டையருகே நின்ற, ஒட்ட முடி வெட்டிய ஆள் திரும்பிப் பார்த்தார்.

விளக்கிவிடலாம் என்று சசிதரன் பிரேமாவதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினான்.

"பேரைச் சொல்லிருங்கக்கா!"

"கடையிலயா இருக்கீங்க? சுத்தி யாரும் இருக்காங்களா?"

"ரெண்டு பேரு."

"அவங்க போனதும் கேளுங்க. என் வாயால மட்டும் சொல்ல வைக்காதீங்க!"

தேவன் கும்பிட்டான். "அண்ணே, வெளிய போயிருங்கண்ணே. எனக்குப் போன மாசம்தான் கல்யாணமாச்சு!"

சசிதரன் வெளியே ஓடினான். ஒட்ட முடிக்காரரும் பின்னாலேயே வந்தார். சட்டைக்கடியில், இடுப்பில், கைவிலங்கு மின்னியது.

மோட்டார் சைக்கிளை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். இருமியது. லாக்கப், பறிபோகும் பேக்டரி வேலை, தன் முகம் தெரியாமலே வளரப்போகும் மகள் என்று எல்லாம் கண்முன் ஓடின. தோளில் ஒரு கை விழுந்தது.

"ஐசி எடுங்க."

அடையாள அட்டையை நீட்டினான். "சார், வேருதான் சார்! புள்ள வயித்து வலிக்குத்தான்! சத்தியமா பேரு தெரியாது சார்!"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஐசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் தெரியாது தம்பி. வீட்டுல இருபது நாள் புள்ள கத்துது, பொண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டேங்குறா. அடுத்த கடையில நீங்களே கேளுங்க, நான் கேட்டா ஷட்டரை இறக்கிடுறானுங்க."