இருபத்தெட்டு சென்டிமீட்டர் காலுக்குச் சொந்தக்காரன்

மதிப்பிற்குரிய மச்சான் கென்சோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை இகுயோவின் கணவன் ஹிசாமித்சு பணிவுடன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. தங்கள் ஊர் யாய்சுத் துறைமுகத்தில் இந்நேரம் சூரை மீன் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். தங்கள் முதுகுவலி குறைந்து, குடும்பத்தார் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வேலை பார்க்கும் குஷிரோவில் வழக்கம்போல் பனிமூட்டம், துவைத்துப் போட்ட காலுறை காய்வதாயில்லை. மற்றபடி சுகம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். சுகமில்லை மச்சான். உங்க தங்கச்சியும் என் மகளும் சேர்ந்து வீட்டுக்குள்ள ஒரு பயலை ஒளிச்சு வெச்சிருக்காங்க.

ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், முதலிலிருந்தே வருகிறேன். போன வருஷம் கம்பெனி என்னை ஷிசுவோகாவிலிருந்து வடகோடியில் இருக்கும் குஷிரோவுக்குத் தூக்கியடித்தது தங்களுக்குத் தெரியும். சுமிரேவின் பள்ளிப் படிப்பு நடுவில் கெடக் கூடாது என்று தாயும் மகளும் அங்கேயே இருக்க, நான் மட்டும் தனியாகப் போனேன். பதினேழு வயசுப் பெண்ணோடு போனில் பேச ஒரு தகப்பனுக்கு என்ன இருக்கு? சாப்பிட்டியா, படிச்சியா, அதோடு தீர்ந்தது. அதனால் அவள் பார்க்கிற தொலைக்காட்சித் தொடரை நானும் வியாழக்கிழமைதோறும் பார்க்க ஆரம்பித்தேன். ஒரே வகுப்பில் படிக்கிற பையனும் பெண்ணும், வீட்டுத் தரகன் செய்த குளறுபடியால் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தரை ஒருத்தர் முறைப்பார்கள், வீட்டுக்கு வந்தால் ஒரே சட்டியில் நூடுல்ஸ் கிண்டுவார்கள். இவர்களைப் பெற்ற அப்பன்மார் எங்கே என்று பார்த்தால், வேலை மாற்றலாகி வெளியூரில் இருக்கிறார்களாம். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

ஆனாலும் பார்த்தேன். அஞ்சாவது எபிசோட்ல தோழிங்க சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்கு வந்துடறாங்க, பையன் மெத்தை அடுக்கற அலமாரிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறான். அவனுக்குப் போட்டு வெச்ச சோறு மட்டும் மூடி போட்டு மேஜையில அப்படியே இருக்கு. இது யாருக்குடின்னு தோழி கேக்க, இவ திருதிருன்னு முழிக்கறா. நான் சிரிச்சேன் மச்சான், சத்தியமா சிரிச்சேன். மறுநாள் போன்ல சுமிரேகிட்ட அதைச் சொன்னா, அவ விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "அப்பா, அது அப்படியே நம்ம வீடுப்பா"ன்னா. அவ்வளவுதான், இகுயோ போனைப் பிடுங்கிட்டா. பிடுங்கினவ என்ன கேட்டா தெரியுமா? குஷிரோவுல நண்டு நல்லாக் கிடைக்குதான்னு. நண்டு வாசனை பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுப் போறவ உங்க தங்கச்சி. அவளுக்கு எதுக்கு மச்சான் நண்டு?

அன்னியிலேர்ந்து நான் போன்ல பேசறதைக் குறைச்சுட்டு கேக்கறதை அதிகப்படுத்தினேன். போன வாரம் இகுயோ என்கிட்ட பேசிட்டிருக்கும்போது பின்னாலேர்ந்து சுமிரே, சூப் வெச்சாச்சாம்மா, ஆறிடப் போகுதுன்னு கேட்டா. இவ உஷ்ஷுன்னு அடக்கினா. யாருக்கு சூப்புன்னு கேட்டேன். டிவியில யாரோ பேசறாங்கன்னா. டிவி என் மக குரல்லயா பேசும்? மேற்கொண்டு ஒண்ணும் கேக்கலை. திருடன்கிட்டயே போய் திருடினியான்னு கேட்டா என்ன பிரயோஜனம்னு விட்டுட்டேன்.

இன்று டோக்கியோவில் கம்பெனிக் கூட்டம். அது சீக்கிரம் முடிந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் புல்லட் ரயில் பிடித்து ஷிசுவோகாவில் இறங்கினேன். இகுயோ அப்போதுதான் மத்தியான வேலைக்கு சூப்பர் மார்க்கெட் கிளம்பியிருப்பாள், சுமிரே பள்ளியில். தெருவில் நின்று எங்கள் வீட்டு பால்கனியை அண்ணாந்து பார்த்தேன். ஆம்பளை ஜட்டி காயுது மச்சான். கட்டம் போட்டது, புத்தம் புதுசு, ஊரே பாக்கற மாதிரி முன்வரிசையில தொங்குது. என்னோடதெல்லாம் குஷிரோவுலதான் இருக்கு. அதுல கட்டமும் கிடையாது, புதுசும் கிடையாது.

என் சாவியைப் போட்டுத் திறந்தால், வாசலில் ஒரு ஜோடி ஷூ. ஆம்பளை ஷூ. திருப்பிப் பார்த்தேன், இருபத்தெட்டு சென்டிமீட்டர். எனக்கு இருபத்தஞ்சே தொளதொளன்னு இருக்கும். எவ்வளவு பெரிய தடியனா இருப்பான்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. உள்ளே போனேன். சாப்பாட்டு மேஜையில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், என் இடத்தில் மச்சான், ஒரு புதுச் சோற்றுக் கிண்ணம், சாப்பிடப் புதுக் குச்சி. நம்ம வீடுகளில் விருந்தாளிக்குக் கடைக் குச்சியைக் கொடுப்போம், வீட்டு மனுஷனுக்குத்தான் தனிக் கிண்ணமும் தனிக் குச்சியும். அதாவது இவன் விருந்தாளி இல்லை, குடும்பத்தில் ஒருத்தனாகவே ஆகிவிட்டான். சோறு, கானாங்கெளுத்தி வறுவல், மிசோ விழுதில் வதக்கின கத்தரிக்காய். முள்ளங்கிக் குழம்பில் கேரட்டை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அந்தப் பயலுக்கும் கேரட் பிடிக்காது போல. இருபது வருஷமா நான் கேரட் வேணாம்னா, உடம்புக்கு நல்லதுன்னு திணிச்சவ, அவனுக்குப் பொறுக்கிப் போடறா. அதுதான் எனக்கு நெஞ்சில தைச்சுது.

சூப் கிண்ணத்தின் மூடியைத் தூக்கினேன். உள்பக்கமெல்லாம் முத்து முத்தாய் வேர்த்திருந்தது. சூடு இன்னும் அடங்கவில்லை. அப்படியென்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறான். எங்கே இருப்பான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அஞ்சாவது எபிசோடைப் பார்த்தவன் நான். குடையை ஓங்கிக்கொண்டு அலமாரியைத் திறந்து, வெளியே வாடான்னு ஒரு குத்து விட்டேன். மெத்தை மொத்தமும் என் தலையில விழுந்துச்சு. குளியலறை, பால்கனி, சுமிரேவோட துணி அடுக்கு, எல்லாம் பாத்துட்டேன். பய ஜன்னல் வழியா இறங்கியிருக்கணும், ரெண்டாவது மாடியா இருந்தா என்ன, அவ்வளவு பெரிய காலுக்கு அது ஒரு உயரமா?

காலையிலேர்ந்து நான் பச்சைத் தண்ணி குடிக்கலை. திரும்பி வந்து இந்தச் சோத்தைத் தின்னுட்டு அவன் ஏப்பம் விடறதை நினைச்சேன். உட்கார்ந்தேன், அவன் கிண்ணத்துல, அவன் குச்சியால, ஒரு பருக்கை விடாம நானே தின்னுட்டேன். இகுயோ கத்தரிக்காய் நல்லாத்தான் பண்ணியிருந்தா. சாட்சிக்கு இடது கால் ஷூவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, மெத்தைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரயிலேறிவிட்டேன். இப்போது டோக்கியோ விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த ஷூவைக் கூரியரில் தங்கள் பெயருக்கு அனுப்பிவிட்டேன், நாளை வந்து சேரும்.

ஆகவே மச்சான் அவர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் போய், மூத்தவர் என்ற முறையில் இருவரையும் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். சுமிரேவைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் குஷிரோவுக்குக் கூட்டிப் போக நான் முடிவு செய்துவிட்டேன். படிப்பு போனால் போகட்டும், அவள் அழுதாலும் சரி. இகுயோவைப் பற்றி என்ன செய்வது என்று எனக்கே புரியவில்லை. எனக்கு நம்பி எழுத உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் என் வணக்கங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், கனமான மீன் கூடையைத் தூக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மனசு ஆறாத மைத்துனன்,
ததோகோரோ ஹிசாமித்சு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. இகுயோ. எடுத்ததும், "ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். குரலே சரியில்லை. பின்னால் சுமிரே தேம்பித் தேம்பி அழுகிறாள்.

மச்சான், உங்க அப்பா சூரை பிடிக்கக் கடலுக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் உங்க வீட்டுல தினமும் அவருக்கும் ஒரு கிண்ணம் போட்டு வெப்பீங்களாமே. மூடியில வேர்த்திருந்தா, போன ஆள் எங்கேயோ சுகமா இருக்கார்னு அர்த்தமாமே. நான் குஷிரோ போன நாளிலிருந்து இகுயோ அதைச் செய்கிறாளாம். நான் கேலி பண்ணுவேன் என்று சொல்லவில்லையாம். இன்று வந்து பார்த்தால் சோறு காலி, வீடெல்லாம் மெத்தை. பெண்கள் தனியாக இருக்கிற வீடு என்று திருடனுக்குத் தெரியக் கூடாதென்று ஆம்பளை ஜட்டியும் ஷூவும் வாங்கி வைத்திருந்தாளாம். திருடன் பயப்படட்டும் என்றுதான் அத்தனை பெரிய ஷூவாம். முதல் பக்கத்தைப் படிக்கும்போதே உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

சுமிரே போனை வாங்கி, "அப்பா, உன் சோத்தை யாரோ தின்னுட்டாங்கப்பா, உனக்கு ஏதாவது ஆயிடுமாப்பா?" என்று கேட்டாள். அதைத் தின்ற வாயால் நான் என்ன சொல்வேன்? "இல்லடா, எனக்கு என்னமோ மத்தியானத்திலேர்ந்து பசியே இல்லை, வயிறு நிறைஞ்சாப்பல இருக்கு" என்றேன். அழுகை சட்டென்று நின்றது. அப்புறம், அம்மா, அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சும்மா என்று குழந்தை மாதிரி கூவினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். அவள் அங்கேயே படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எங்கும் போக வேண்டாம், இந்தக் கடிதத்தை அடுப்பில் போடவும்.

ஷூவை மட்டும் உடனே எனக்குத் திருப்பி அனுப்பவும். ஏனென்றால் கடைசியில் இகுயோ மறுபடி போனை வாங்கினாள். மெதுவாகத்தான் கேட்டாள்: "சரிங்க, சோறு உங்களுக்கு வந்து சேர்ந்துடுச்சு. இடது கால் ஷூ எதுக்குங்க?"