டிக்கி யாருக்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை டேனியலின் வாயை அடைத்தே தீருவது என்று பக்தவச்சலம் முடிவு கட்டிவிட்டார். சாதாரண முடிவு இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை ஓரமாகத் தள்ளி, எழுந்து நின்று, மார்பை நிமிர்த்தி எடுத்த முடிவு.

"உக்காந்தே எடுக்கலாம். ரசம் ஆறுது," என்றாள் அவர் மனைவி பூர்ணிமா.

விஷயம் இதுதான். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பக்தவச்சலம் டிரம் செக்‌ஷன் சூப்பர்வைசர். தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய பெரிய மர உருளைகள் நாள் முழுக்க இரையும் இடம் அது. அதே கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் டேனியல். டேனியலின் கார் வருவதற்கு முன்னால் அவர் காரின் பாட்டு வந்துவிடும். கேட்டில் வாட்ச்மேன் பாட்டுக்கே சல்யூட் அடிப்பார். இதைப் பார்த்து வயிறு எரிந்துபோய் நம்மவரும் தன் பழைய காரின் டிக்கியில் தும்தும்மென்று அதிர்கிற ஒரு பேஸ் ஸ்பீக்கர் பொட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் மாட்டினார். ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு குட்டித் திருகு இருந்தது. திருகு என்றால் திருகத்தானே? கடைசி வரைக்கும் திருகினார். பொட்டி அரை நாள் அலறிவிட்டு, உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் கருகிச் செத்துப்போனது.

புதுக் காயில் போட்ட அன்றைக்கே பூர்ணிமா ஒரு ஒப்பந்தம் பேசினாள். அவள் குடியாத்தத்துக்காரி. அண்ணன் கோபியின் விசைத்தறி லுங்கிகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஆம்பூரில் விற்கிறாள். வியாபாரம் ஜோராகத்தான் ஓடுகிறது. ஆனால் டிக்கியில் பொட்டி குந்திக்கொண்டிருப்பதால் மூட்டைகள் பஸ்ஸில், கண்டக்டரின் திட்டோடு வருகின்றன.

"இன்னொரு வாட்டி கருகுச்சுன்னா பொட்டி எறங்கும், என் மூட்டை ஏறும். அதுக்கப்பறம் டிக்கி என்னுது. ஜென்மத்துக்கும்."

"கருகாது."

"கருகலன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். பஸ்லயே தூக்கினு வர்றேன்."

"இந்த வார்த்தைய மறந்துடாத!" என்றார் பக்தவச்சலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரர்கள் எல்லாம் குடும்பத்தோடு அமிர்திக் காட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள். காட்டுக்குள் பாட்டுப் போட விடமாட்டார்கள். அதனால் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் நிறுத்திச் சாப்பாடு, ஆட்டம், பாட்டு. டேனியலுக்கு எதிரே பொட்டி முழங்க வேண்டும், ஆனால் கருகக் கூடாது. ஆலோசனை கேட்கக் காருக்கு ஆடியோ மாட்டும் ரஃபி அகமதுவிடம் போனார்.

"அண்ணே, கெயின்னா வால்யூம் இல்லண்ணே!" ரஃபி தலையில் அடித்துக்கொண்டார். "பிளேயருக்கும் ஆம்புக்கும் ஜோடி சேக்கற திருகு அது. மொதல்ல அத சுத்தமா கம்மி பண்ணுங்க. பிளேயர் சத்தத்த முக்காவாசி வெச்சுப் பாட்ட ஓட விடுங்க. அப்பறம் திருக மெள்ள ஏத்துங்க. ஒரு எடத்துல கரகரன்னு ஆரம்பிக்கும். அங்க நிறுத்தி, ஒரு துளி எறக்கிடுங்க. அவ்ளோதான்."

"அதுக்கு மேல ஏத்துனா?"

"கரகரப்புதான் ஜாஸ்தியாவும். சத்தம் ஜாஸ்தியான மாதிரி ஒரு மயக்கம் இருக்கும். அங்கதான் எல்லாரும் பேஜார் ஆவறாங்க. காயில் பொசுங்கிடும். வண்டியக் கொண்டாங்க, மீட்டர் வெச்சு நானே செட் பண்ணித் தர்றேன்."

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் டேனியல் காருக்கும் செட் பண்ணியது இதே ரஃபி. அதே அளவுதானே வைப்பார்? நமக்கு அதற்கு மேலே ஒரு சொட்டாவது வேண்டாமா? "நானே பாத்துக்கறேன் பாய்," என்று கெத்தாகத் திரும்பிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கரகரப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்குக் கேட்காது. டிரம் பக்கத்திலேயே நின்று நின்று காது அந்த இரைச்சலுக்கே வாக்கப்பட்டுவிட்டது. வீட்டில் அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். பூர்ணிமாவின் காதோ வேறு ரகம். தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடதடக்கும்போது அடுப்படியில் இருந்தபடியே, "அண்ணா, ஓரத்துத் தறியில நூல் அறுந்துபோச்சு பாரு," என்று சொன்ன காது. அந்தக் காதைத்தான் கடன் கேட்க வேண்டும். வேறு வழியில்லை.

"அதுக்கின்னாங்க, கேட்டுச் சொல்றேன்," என்றாள் பூர்ணிமா.

இவ்வளவு சுலபமாகவா? பக்தவச்சலத்துக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இவளுக்கு டிக்கி வேண்டும். கண்டிப்பாகப் பொய் சொல்லுவாள். எந்தப் பக்கம் சொல்லுவாள் என்பதுதான் கேள்வி. ஏத்துங்க ஏத்துங்க என்று ஏற்றிக் கருக வைப்பாளா? இல்லை, இறக்குங்க இறக்குங்க என்று பொட்டியை ஊமையாக்கி, டேனியல் முன்னால் மானத்தை வாங்கி, நாமே வெறுத்துப்போய்க் கழற்றும்படி செய்வாளா? சோதித்துப் பார்த்துவிடுவோம்!

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்தார். அவள் கை கழுவப் போன நேரம் பார்த்துப் பொட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். கதவு ஸ்பீக்கர்கள் மட்டும் அடக்கமாகப் பாடிக்கொண்டிருந்தன. பொட்டியில் மூச்சுப் பேச்சில்லை.

"பூர்ணிமா! இப்ப எப்டிகீது பொட்டி?"

அவள் வந்து காதைச் சாய்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "அய்யய்யோ, ஒரே கரகரங்க! காதே கிழியுது. கம்மி பண்ணுங்க."

மாட்டினாள்! பக்தவச்சலத்துக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கல்யாணமாகி முதல் தடவையாகப் பெண்டாட்டியின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். இறக்கச் சொல்லுகிற கட்சிதான் இவள். இனிமேல் இவள் இறக்கு என்றால் ஏற்ற வேண்டியதுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குனிகிற சாக்கில் ஒயரை மாட்டினார். திருகை மெள்ள ஏற்றினார்.

"இப்ப?"

"சுத்தமா இருக்குங்க."

"இப்ப?"

"லேசா கரகரங்குது. போதும், ஒரு துளி எறக்கிடுங்க."

"ஓஹோ!" ஏற்றினார்.

"ஏங்க, எறக்குங்கன்னா ஏத்தறீங்க? நல்லாவே கரகரங்குது."

"அப்டியா? அடடா!" இன்னும் ஏற்றினார்.

"பொட்டி கருகிடுங்க! சத்தியமா சொல்றேன்!"

"சத்தியம் வேறயா? இன்னா நடிப்புடி!" கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டார்.

பூர்ணிமா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் சொல்றத ஒரு வாட்டியாவது நம்புங்களேன்," என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உள்ளே ஓடினாள். அழுகிறாளோ என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் மாந்தோப்பில் முதலில் டேனியலின் கார் பாடியது. எல்லாரும் தலையாட்டினார்கள். "இது பாட்டா? இப்ப கேளுங்கய்யா!" என்று பக்தவச்சலம் தன் பொட்டியை முடுக்கினார். அடேங்கப்பா! மாம்பிஞ்சு உதிர்ந்தது. டிபன் கேரியர் மூடிகள் தாமாக ஆடின. தோப்புக்காரர் பூகம்பம் என்று மோட்டார் ரூமைவிட்டு ஓடிவந்தார்.

"பக்தா, இன்னாய்யா இது!" என்று டேனியல் வாயைப் பிளந்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பக்தவச்சலம் பிறந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி ஒரு ஆட்டம்கூடப் போட்டார்.

அப்போது பூர்ணிமா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, கருகற வாசன வருது."

"எனக்கு வர்ல. டேனியல், உனக்கு வருதா?"

"வர்லியே."

எப்படி வரும்? கூடி நின்ற அத்தனை பேரும் தோல் கம்பெனிக்காரர்கள். சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தில் ஊறிய மூக்குகள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"நெஜமாங்க! நிறுத்துங்க!"

"உனக்கு வயிறு எரியுது, அந்த வாசனதான். போய்ப் புளிசாதத்தப் பிரி, போ!"

அவள் போய்ப் பிரித்தாள். டிக்கியிலிருந்து புகை கிளம்பியது. பொட்டி ஒரு தரம் 'டப்' என்றது, அடங்கிவிட்டது. டேனியல் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. புகைந்துகொண்டிருந்த பொட்டியைக் கழற்றித் தண்ணீர் தெளித்துப் பின்சீட்டில் ஏற்றக் கைகொடுத்துவிட்டு, தன் பாட்டைப் போட்டார். அளவாக, அழகாக ஓடியது. பக்தவச்சலம் புளிசாதத்தை அப்படியே மூடி வைத்தார்.

திரும்பி வரும்போது பொட்டி பின்சீட்டில் குந்திக்கொண்டு வந்தது. பள்ளிகொண்டா நெருங்கும்போது பூர்ணிமா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அப்டியே குடியாத்தம் போய்ட்டுப் போலாம். அண்ணன் லுங்கி மூட்டை கட்டி வெச்சிருக்கு."

"எப்ப கட்டச் சொன்ன?"

"நேத்து சாயங்காலம்."

பக்தவச்சலம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "நேத்து சாயங்காலம் பொட்டி உசுரோட இருந்துதே!"

"இருந்துச்சுங்க. நீங்க திருகிட்டு உள்ள வந்தீங்க, நான் போன் போட்டேன்."

"அப்ப கரகரங்குதுன்னு நீ சொன்னது?"

"நெஜம்."

"கருகிடும்னு சத்தியம் பண்ணியே, அது?"

"அதுவும் நெஜந்தான். நீங்கதான் நம்பல."

பக்தவச்சலத்துக்கு ஒரே ஒரு பிடி மிச்சமிருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டார். "இரு, இரு! மொதல்ல நான் ஒயரக் கழட்டி வெச்சுட்டுக் கேட்டப்ப, காதே கிழியுதுன்னியே! அது பொய்தான? நான் கண்டுபுடிச்சிட்டேன் இல்ல?"

"பொய்தாங்க," என்றாள் பூர்ணிமா. "நீங்க கண்டுபுடிக்கணும்னுதான சொன்னேன்."